விலையை அறிதலும் அறிவித்தலும்

செட்டிகுளம், பாடாலூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் தம் பட்டறையைப் பிரித்துச் சின்ன வெங்காயத்தை வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுக்கிறார். அதே வாரத்தில் வாரியங்காவலிலோ இலையூரிலோ ஒரு நெசவாளர் வீட்டு அம்மையார் கடைக்குச் சென்று அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்குகிறார். விற்றவருக்கு வாங்கியவர் கொடுத்த விலை தெரியாது. வாங்கியவருக்கு விற்றவர் பெற்ற விலை தெரியாது. வெங்காயம் இறங்கிவிட்டது என்று குடியானவர் வருந்தும் அதே நாளில், வெங்காயம் ஏறிவிட்டது என்று அம்மையார் வருந்துகிறார். இருவர் கூற்றும் உண்மையாகவே இருக்கும். இவ்விருவரும் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் என்பதை எண்ணும்போது, இந்த அறியாமை நமக்குப் பெருமை தருவதன்று.

இடையிலே போகும் தொகை எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு உண்டு. பாரத ரிசர்வ் வங்கி 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வுரையில், வாங்குவோர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விளைவித்தவருக்குச் சேருவது தக்காளியில் ஏறத்தாழ 33 பைசா, வெங்காயத்தில் 36 பைசா, உருளைக்கிழங்கில் 37 பைசா என்று கணக்கிட்டிருந்தனர். எஞ்சிய தொகை முழுவதும் அநியாய லாபம் என்று நாம் கூற வரவில்லை. வண்டிக் கூலி, ஏற்று இறக்குக் கூலி, சாக்கு, சேதாரம், கடை வாடகை எல்லாம் அதில் அடங்கியுள்ளன. ஆயினும் எது நியாயமான செலவு, எது அளவு மீறிய லாபம் என்று பிரித்தறிய வேண்டுமானால், முதலில் இரு முனைகளிலும் உள்ள விலைகள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைத்தறி நெசவாளருக்குக் கூலி சேலைக்கு இவ்வளவு என்று வரையறுக்கப்பட்டது. பருப்பு விலை ஏறிய மாதத்தில் கூலி தானாக ஏறுவதில்லை. ஆகவே விலையறிவு அவருக்கும் சோற்றுப் பிரச்சினையே ஆகும்.

மக்கள் தாங்களாகவே விலைகளைக் குறித்து ஒருவரோடு ஒருவர் பகிர்ந்துகொள்ளும் வசதிகள் அண்மை ஆண்டுகளில் கைப்பேசியின் வாயிலாகப் பெருகி வருகின்றன. அவை யாவை, அவற்றை எவ்வாறு படிக்க வேண்டும், அவற்றால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

விலை பகிரங்கமான வரலாறு

விலையை வெளிப்படையாகச் சொல்லுவது கூட்டுறவு இயக்கத்தின் பிறப்போடு கலந்த கொள்கை. இங்கிலாந்தில் ராக்டேல் நகரில் 1844 டிசம்பர் 21-ஆம் நாள் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் பலர் நெசவாளர்கள். அவர்கள் விற்ற சாமான்கள் மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சிலவே. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ரொக்க விற்பனை என்பவை அவர்கள் கைக்கொண்ட நெறிகள். நெசவாளர்கள் மளிகைச் சாமானின் விலையையும் எடையையும் பற்றிக் கவலைப்பட்டதிலிருந்துதான் உலகக் கூட்டுறவு இயக்கமே வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நம் நாட்டில் முன்னாளில் சந்தைகளில் தரகர்கள் துணிக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் இருந்தது. சரக்குக்கு உடையவர் பக்கத்தில் நின்றாலும் என்ன விலை பேசப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. இத்தகைய குறைகளை நீக்கவே சென்னை மாகாணத்தில் 1933-ஆம் ஆண்டு வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டு, 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அமைந்தது. இன்று பெரம்பலூரில் பருத்தி விற்கும் குடியானவர் அறிந்துள்ள மறைமுக ஏலம் இந்த வழியில் வந்ததே. வியாபாரிகள் ஒவ்வொருவரும் தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுவர். பிறகு அவை பிரிக்கப்பட்டு உயர்ந்த விலை யாவரும் அறிய வாசிக்கப்படும். சம்மதமானால் விற்கலாம், சம்மதமில்லையேல் சரக்கை நிறுத்திக்கொள்ளலாம்.

1999-இல் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகள் மற்றொரு படி. அங்கே ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைய விலை முடிவு செய்யப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. மொத்த விலைக்குச் சுமார் 20 சதவிகிதம் மேலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலைக்குச் சுமார் 15 சதவிகிதம் குறைவாகவும் இருக்கும்படி அதை அமைப்பது முறை. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் அனுகூலமான ஒரு நடுவிலையைக் காண முடிந்ததற்குக் காரணம், மொத்த விலை, சில்லறை விலை ஆகிய இரண்டையும் நாள்தோறும் விசாரித்து அறிந்ததே ஆகும். விலைப்பலகை என்பது வெறும் பலகையன்று. அதன் பின்னே ஒரு விசாரணை இருக்கிறது.

இன்றுள்ள வசதிகள்

அந்தப் பலகை இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. நாம் அறிந்திருக்க வேண்டிய வசதிகள் சில உண்டு.

முதலாவது அக்மார்க்நெட் என்னும் இணையதளம். மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியது. நாடெங்குமுள்ள விற்பனைக்கூடங்களுக்கு வரும் சரக்கின் அளவும் விலையும் இதில் பதியப்படுகின்றன. இரண்டாவது இ-நாம் எனப்படும் தேசிய வேளாண் சந்தை. 2016 ஏப்ரல் 14-ஆம் நாள் 8 மாநிலங்களிலுள்ள 21 சந்தைகளோடு இது தொடங்கிற்று. இதில் விலையை அறிவதோடு ஏலமும் நடக்கிறது. 2018-இல் கைப்பேசி மூலமாகவே வரவுப் பதிவும் பணப் பட்டுவாடாவும் செய்யும் வசதிகள் சேர்ந்தன. 2020 ஏப்ரலில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சந்தைக்குச் சரக்கை ஏற்றிச் செல்லாமல் தங்கள் சேகரிப்பு நிலையத்திலிருந்தே ஏலத்துக்கு வைக்கவும், கிடங்கிலுள்ள சரக்கை அங்கிருந்தே விற்கவும் வழி செய்யப்பட்டது. மூன்றாவது, தமிழ்நாடு அரசு 2018-இல் வெளியிட்ட உழவன் செயலி. இதில் தமிழிலேயே சந்தை விலைகளைப் பார்க்கலாம்.

இவை மூன்றும் பெரும்பாலும் விற்பவர் பக்கத்து விலைகள். வாங்குபவர் பக்கத்து விலைகளைத் திரட்டுவது மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை. நாடெங்குமுள்ள விலை அறிவிப்பு நிலையங்களிலிருந்து நாள்தோறும் மொத்த விலையும் சில்லறை விலையும் அத்துறைக்குச் செல்கின்றன. 2021 ஜனவரி முதல் இவ்வேலை ஒரு கைப்பேசிச் செயலியால் நடைபெறுகிறது. விலையைக் குறிப்பவர் எந்த இடத்திலிருந்து குறித்தார் என்பதும் அதில் தானாகப் பதிவாகும்; வீட்டில் இருந்தபடியே ஊகித்து எழுத இயலாது. 2024 ஆகஸ்டு 1-ஆம் நாள் அச்செயலியின் புதிய வடிவம் வெளிவந்தது. அதுவரை 22 பொருள்களுக்கே விலை குறித்து வந்தனர். அன்று முதல் மேலும் 16 பொருள்கள் சேர்ந்து பட்டியல் 38 ஆயிற்று. கம்பு, சோளம், கேழ்வரகு, ரவை, மைதா, கடலை மாவு, நெய், வெண்ணெய், கத்தரிக்காய், முட்டை, மிளகு, மல்லி, சீரகம், மிளகாய் வற்றல், மஞ்சள் தூள், வாழைப்பழம் ஆகியவையே புதியன. அப்போது நிலையங்கள் 550 இருந்தன.

ஐந்தாவது, எந்த அரசையும் சாராத ஒரு முயற்சி. பிரான்ஸ் நாட்டில் 2012-இல் தோன்றிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்னும் தன்னார்வ அமைப்பு, ஓப்பன் பிரைசஸ் என்ற பெயரில் ஒரு பொது விலைப் பதிவேட்டை நடத்துகிறது. எந்த நாட்டிலுள்ளவரும் கடையிலுள்ள விலைச்சீட்டையோ தாம் பெற்ற ரசீதையோ படம் பிடித்து அதிலே சேர்க்கலாம். கடை எது, தேதி எது என்பதைக் குறிக்க வேண்டும். இதில் புதிது புதிதாகச் சேர்ந்து வரும் அம்சங்கள் நம் கவனத்துக்கு உரியவை. படத்திலுள்ள எண்களை இயந்திரமே வாசித்துத் தருகிறது. மனிதர் அதைச் சரிபார்க்கிறார். உறையிலிடாத காய்கனிகளுக்கு, விலை கிலோவுக்கா அல்லது ஒன்றுக்கா என்று தனியே குறிக்கலாம். தள்ளுபடி விலையானால் அதையும், தள்ளுபடிக்கு முன்னிருந்த விலையையும் காட்டலாம். சரக்கு எந்நாட்டில் விளைந்தது என்பதையும் சேர்க்கலாம்.

இந்தச் சிறு சிறு வசதிகள் ஏன் சேர்க்கப்பட்டன என்று சிந்தித்தால் ஒரு பெரிய உண்மை புலப்படும். எண்ணை மட்டும் எழுதிய விலை பயன்படாது என்பதை அதை நடத்துவோர் அனுபவத்தில் கண்டுகொண்டனர். அதுவே நாமும் கற்க வேண்டிய பாடம்.

விலைக்கு உரிய ஐந்து அங்கங்கள்

‘வெங்காயம் 40 ரூபாய்’ என்று ஒருவர் நமக்குச் செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து நாம் அறிவது யாது? ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றே கூற வேண்டும். ஒரு விலைக்கு ஐந்து அங்கங்கள் வேண்டும்.

முதல் அங்கம் சரக்கும் தரமும். சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா? புதிதாகப் பறித்ததா, பட்டறையில் காய்ந்ததா? பருமனா, பொடியா? பறித்தவுடன் ஈரத்தோடு எடை போட்ட வெங்காயமும் பட்டறையில் இருந்து நீர் சுண்டிய வெங்காயமும் ஒரே விலை பெற மாட்டா. முந்திரியில் கொட்டையின் விலையா, பருப்பின் விலையா என்பதும், பருப்பானால் முழுப்பருப்பா, உடைந்ததா என்பதும் அப்படியே.

இரண்டாவது அளவு. மூட்டை என்று சொன்னால் போதாது. ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு மூட்டையின் எடை மாறும். படியும் மரக்காலும் வழங்கிய நாளில் இந்தக் குழப்பம் பெரிதாக இருந்ததால்தான் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடு முழுவதும் மெட்ரிக் அளவைக்கு மாறினோம். அந்தச் சீர்திருத்தத்தின் பயனை மூட்டைக் கணக்கால் இழந்துவிடக் கூடாது. கிலோவுக்கு, குவிண்டாலுக்கு, லிட்டருக்கு என்றே எழுத வேண்டும். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பெரியோர் வாக்கு.

மூன்றாவது இடம். பெரம்பலூர் உழவர் சந்தை விலை வேறு, திருச்சி மண்டி விலை வேறு, திண்டுக்கல் மண்டி விலை வேறு. நான்காவது நாள். அழுகும் சரக்கின் விலை காலைக்கும் மாலைக்குமே மாறும். தேதியில்லாமல் கைக்குக் கை வரும் செய்தியைக் கண்டு சரக்கை நிறுத்தி வைத்து நஷ்டப்பட்டவர்கள் உண்டு. ஐந்தாவது, யார் விலை என்பது. களத்தில் குடியானவர் பெற்றதா, மண்டியில் மொத்தமாக விற்றதா, கடையில் சில்லறையாகக் கொடுத்ததா என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இவ்வைந்தும் அமைந்த விலைக்கு ரசீதோ பலகையின் படமோ சான்றாக இருக்குமானால் அது முழுமை பெறுகிறது. ரசீதைப் படம் பிடிக்கும்போது அதில் வாங்கியவர் பெயரோ தொலைபேசி எண்ணோ இருந்தால் அவ்விடத்தை மறைத்துவிட்டு அனுப்புவது விவேகம்.

பதிவைப் படிக்கும் முறை

அக்மார்க்நெட்டில் ஒரு சரக்குக்கு எதிரே மூன்று விலைகள் இருக்கும்: குறைந்தது, உயர்ந்தது, பெரும்பான்மை விலை. குடியானவர் கண் முதலில் செல்வது உயர்ந்த விலையின் மேல்தான். அது மனித இயல்பு. ஆனால் அன்று வந்த 60 மூட்டைகளில் 5 மூட்டை கிலோ 45 ரூபாய்க்கும், 40 மூட்டை 34 ரூபாய்க்கும், 15 மூட்டை 22 ரூபாய்க்கும் விற்றதாக வைத்துக்கொண்டால், நம் சரக்குக்குக் கிடைக்கத்தக்கது பெரும்பாலும் 34 ரூபாயே. அதிகச் சரக்கு எந்த விலைக்குக் கைமாறிற்றோ அதுவே பெரும்பான்மை விலை. நம் சரக்கு முதல் தரமென்று உறுதியாகத் தெரிந்தாலன்றி 45-ஐ நம்பிப் புறப்படலாகாது.

அடுத்து, தூரத்துச் சந்தையின் விலையை உள்ளூர் விலையோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. களத்திலே வந்து வாங்குபவர் கிலோவுக்கு 30 ரூபாய் தருகிறார். 100 கிலோவுக்கு 3,000 ரூபாய். மண்டியில் விலை 36 ரூபாய். 600 ரூபாய் அதிகம் என்று தோன்றும். ஆனால் வழியில் 2 கிலோ சேதமானால் விற்பது 98 கிலோ. கிடைப்பது 3,528 ரூபாய். சாக்கும் ஏற்று இறக்குக் கூலியும் 70, லாரி வாடகை 140, நூற்றுக்கு 8 வீதம் தரகு 282 ஆகச் செலவு 492 ரூபாய். மிஞ்சுவது 3,036. ஆக, 600 ரூபாயாகத் தோன்றிய லாபம் 36 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு நாள் வேலை கெடுவதையும் சேர்த்தால் நஷ்டமே. ஆனால் பத்து அங்கத்தினர் ஒன்றுசேர்ந்து ஒரே லாரி பிடித்து, வாடகை குவிண்டாலுக்கு 80 ரூபாயாகக் குறையுமானால் மிஞ்சுவது 3,096. போய்வர ஒருவர் போதும். விலைப்பதிவு ஒருவருக்குப் பயன்படாமலும் பத்துப் பேருக்குப் பயன்பட்டும் நிற்பதை இங்கே காணலாம்.

வாங்குவோருக்கும் இத்தகைய கணக்கு உண்டு. கடலை எண்ணெய் ஒரு கடையில் லிட்டர் 150 ரூபாய், மற்றொரு கடையில் கிலோ 160 ரூபாய் என்றால் எது மலிவு? ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராமே நிற்கும். ஆகவே முதற் கடையில் கிலோ சுமார் 165 ரூபாய் ஆகிறது. பார்வைக்கு மலிவாகத் தோன்றியதே விலை கூடியது. உறையிலிட்ட சாமான்களில் எடையைச் சிறிது குறைத்து விலையை மாற்றாமல் விடுவதும் இன்று சாதாரணமாகிவிட்டது. இதற்காகவே, மொத்த விலையோடு, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதையும் உறையில் அச்சிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது. நம் சகோதரிகள் பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் அந்தச் சிறு எழுத்தைப் படிக்கும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். இரண்டு பொட்டலங்களை ஒப்பிட அதைவிட எளிய வழி இல்லை.

விலையறிவால் ஆவதும் ஆகாததும்

விலை தெரிந்தால் உண்மையாகவே நன்மை விளையுமா? இதற்கு நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. அங்கே 1997 முதல் 2001 வரை கடற்கரையோரமாகக் கைப்பேசி வசதி படிப்படியாக வந்தது. அதற்கு முன் மத்தி மீன் பிடித்துவரும் படகுகள் தங்களுக்குப் பழகிய துறைக்கே சென்றன. ஒரு துறையில் வாங்க ஆளின்றி மீனைக் கடலில் கொட்டுவதும், சில மைல் தள்ளி மற்றொரு துறையில் மீனின்றி மக்கள் திரும்புவதும் ஒரே நாளில் நிகழ்ந்தன. கைப்பேசி வந்தபின் படகில் இருந்தபடியே விலை விசாரித்துக் கரை சேர்ந்தனர். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. மீனவர் லாபம் சராசரி 8 சதவிகிதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவிகிதம் குறைந்தது. விற்பவர், வாங்குபவர் இருவருமே நன்மை பெற்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் குடியானவர்களுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக விலைகளை அனுப்பிப் பார்த்தனர். 2012-இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு, செய்தி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே. ஏன் இந்த மாறுபாடு? கேரள மீனவரிடம் படகு இருந்தது. எத்துறை நல்லதோ அத்துறைக்குத் திருப்ப அவரால் முடிந்தது. விலையை அறிந்தும் சரக்கை வேறிடத்துக்குத் திருப்ப இயலாதவருக்கு, அல்லது முன்பணம் வாங்கிய வியாபாரிக்கே கொடுக்கக் கட்டுப்பட்டவருக்கு, அந்த அறிவு மனவருத்தத்தைத் தவிர வேறு எதைத் தரும்?

நம் நிலத்துக் குடியானவருக்கு அந்தப் படகு எது? நாம் சிந்தித்த அளவில் அது சங்கமே. பட்டறையில் வெங்காயம் இருக்கும்போது வீட்டுச் செலவுக்குச் சங்கக் கடன் கிடைக்குமானால், அவசரத்தில் விற்க வேண்டியதில்லை. சேர்ந்து லாரி பிடிக்க ஏற்பாடு இருக்குமானால், நல்ல விலையுள்ள சந்தைக்குத் திருப்ப முடியும். இ-நாமில் சேகரிப்பு நிலையத்திலிருந்தே ஏலம் விடும் வசதி உற்பத்தியாளர் கூட்டு நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்டதும், தனி மனிதருக்கு இல்லாத பலம் கூட்டுக்கு உண்டு என்பதை உணர்ந்தே ஆகும். விலையறிவு துடுப்பைப் போன்றது; படகில்லாதவன் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டியதுதான்.

விலையைக் குறித்து மேலே அனுப்புவதால் என்ன பயன் என்று கேட்போரும் உளர். 2023 ஜூலையில் தக்காளி விலை 100 ரூபாயைத் தாண்டி ஏறியபோது, நுகர்வோர் கூட்டுறவு இணையம் விளைச்சல் உள்ள ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் தக்காளியைக் கொள்முதல் செய்து, விலை மிகுதியாக ஏறிய நகரங்களுக்கு அனுப்பிக் குறைந்த விலையில் விற்றது. தமிழ்நாட்டிலும் கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகளில் அப்போது கிலோ 60 ரூபாய்க்கு விற்றனர். எங்கே அனுப்புவது என்பதை முடிவு செய்ய, எங்கே எவ்வளவு ஏறியுள்ளது என்பது தெரிந்திருக்க வேண்டும். நாள்தோறும் யாரோ ஒருவர் கடைக்குச் சென்று விசாரித்து எழுதிய எண்களே அதற்கு ஆதாரம்.

சங்கங்கள் செய்யத்தக்கது

மேலே சொன்ன பெரிய பதிவேடுகளில் நம் பகுதிக்கு உள்ள இடைவெளி ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். 38 பொருள்கள் கொண்ட மத்திய அரசின் பட்டியலில் வெங்காயம் என்று ஒரு வரி உண்டு. பெரம்பலூரின் சின்ன வெங்காயத்துக்குத் தனி வரி இல்லை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து முந்திரியும் அதில் இல்லை. நாடு முழுவதற்கும் 550 நிலையங்கள் என்றால், கிராமத்து மளிகைக் கடை அதில் இடம் பெறுவது எங்ஙனம்? இந்த இடைவெளியை நிரப்ப நம்மைத் தவிர வேறு எவரும் வரப்போவதில்லை.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. புதுச்சேரிக்கு அருகே வில்லியனூரை மையமாகக் கொண்டு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தொடங்கிய கிராமத் தகவல் நிலையங்கள் நமக்கு நல்ல வழிகாட்டி. மையத்திற்கு வந்த செய்திகள் கம்பியில்லாத் தொடர்பினால் கிராமங்களுக்குச் சென்றன. அங்கே ஊர்த் தொண்டர்கள் அவற்றைப் பலகையில் எழுதினர். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் நிலையை ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்கு அறிவித்தனர். கருவியைக் கையாளத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், தெரியாதவர் நூறு பேருக்கும் அதன் பயன் சென்றடையும் என்பது அங்கே நிரூபணமாயிற்று.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் பின்வரும் ஏற்பாட்டைச் செய்யலாம் என்று கருதுகிறோம். சங்கக் கட்டடத்தின் முகப்பில் ஒரு கரும்பலகை வைக்க வேண்டும். வளர்ப்போர் சங்கமானால் தங்கள் பகுதியில் விளையும் மூன்று, நான்கு சரக்குகள். நெசவாளர் சங்கமானால் அரிசி, துவரம் பருப்பு, உளுந்து, கடலை எண்ணெய், வெங்காயம், சர்க்கரை, மிளகாய் வற்றல் போன்ற பத்துச் சாமான்கள். அதற்கு மேல் வேண்டா; அதிகமானால் எழுதுவது நின்றுவிடும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையுடைய அங்கத்தினர் இருவரை முறை வைத்து, வாரம் இருமுறை விலை எழுதச் செய்யலாம். ஒவ்வொரு விலைக்கும் ஐந்து அங்கங்களும் இருக்க வேண்டும். பலகையை அழிக்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் படியெடுத்து வைப்பது அவசியம். ஓராண்டு முடிந்ததும் அந்நோட்டைப் புரட்டினால், எம்மாதத்தில் எது ஏறும், எது இறங்கும் என்பது நம் ஊர்க் கணக்காகவே கிடைக்கும். பட்டறையை எப்போது பிரிப்பது, பருப்பை எப்போது மொத்தமாக வாங்குவது என்பதற்கு அதைவிடச் சிறந்த ஆலோசகர் இல்லை.

அடுத்த படி, இரு சங்கங்களும் தங்கள் பலகைகளைப் பரிமாறிக்கொள்வது. பாடாலூர்ப் பலகையின் படம் கைப்பேசியில் வாரியங்காவலுக்கும், வாரியங்காவல் பலகையின் படம் பாடாலூருக்கும் செல்லட்டும். களத்து விலைக்கும் கடை விலைக்கும் இடையே உள்ள வேற்றுமை அளவு கடந்து நிற்கும் வாரத்தில், ஒரு சங்கம் விற்க, மற்றொரு சங்கம் மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்குப் பங்கிட என்ன தடை இருக்கிறது? வண்டிச் செலவையும் சேதாரத்தையும் கழித்துப் பார்த்து இரு தரப்புக்கும் மிஞ்சுமானால் செய்யலாம். மிஞ்சாதாயின், இடையிலுள்ள வியாபாரி நியாயமான கூலிக்கே உழைக்கிறார் என்பதை அறிந்துகொண்டு அவரோடு மனக்கசப்பின்றி நடக்கலாம். எப்படியாயினும் அறிந்து நடப்பது நன்று.

ஓர் எச்சரிக்கையும் கூறி முடிக்கிறோம். விலைப்பலகை கெடுவது பொய்யால் மட்டுமன்று, சோம்பலாலும்தான். சென்ற வாரத்து விலையை இவ்வாரத் தேதியிட்டு எழுதிவிட்டால், அதை நம்பி ஒருவர் சரக்கை நிறுத்தி வைப்பார்; இன்னொருவர் அவசரப்பட்டு வாங்குவார். இருவரும் பின்னர்ப் பலகையை நம்ப மாட்டார்கள். விசாரிக்க இயலாத நாளில் ‘இன்று விசாரிக்கவில்லை’ என்று எழுதிவிடுவதே நேர்மை. அந்த நான்கு நாள் வெற்றிடம் பலகையின் மதிப்பைக் குறைக்காது, உயர்த்தவே செய்யும்.

விற்பவரும் வாங்குபவரும் ஒரே இயக்கத்தைச் சேர்ந்திருந்தும் ஒருவர் விலையை மற்றவர் அறியாதிருக்கும் நிலை நீங்க வேண்டும். அதற்குக் கரும்பலகை ஒன்றும், சுண்ணக்கட்டி ஒன்றும், கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளை ஒருவரும் போதும். அடுத்த மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இவ்விஷயத்தை எடுத்துப் பேசும்படி அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.